லக்தர் வாத்தியாரைச் சாகடித்த குரல்

அய்ன் தஹ்லாவில் ஸுலீகா தொலைபேசியில் "ஹலோ" என்றால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்பது "யாரு போயிட்டா?" என்பதுதான். கூடப் பிறந்த தங்கையே அப்படித்தான் கேட்பாள். தியாரத் நகரத்துக்குத் தெற்கே, காற்று ஓயாத அந்த மேட்டுச் சமவெளி ஊரின் சின்ன வானொலி நிலையத்தில், மதியச் செய்திக்கு முன்னால் மௌத்து அறிவிப்பு வாசிப்பவள் ஸுலீகா. ஆழ்ந்த, அவசரமில்லாத குரல். இறந்தவரின் பெயரை அவள் சொன்னால் கம்பளி போர்த்திவிட்டது போல இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்தினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா தன்னையறியாமல் இரண்டு கையையும் ஏந்தி துவா கேட்கத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கோ கதைப் புத்தகம் என்றால் உயிர். அடுப்பில் சோர்பா சூப் கொதித்து வழிந்தாலும் பக்கத்தை முடிக்காமல் எழமாட்டாள். உள்ளூர் எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைத்து, அவர்கள் கதையை வாசித்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வேண்டும் என்று இயக்குநர் ஷெரீஃபை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம ஊர்ல எழுத்தாளர்னு எத்தன பேர் இருக்காங்க?" என்று கேட்டார் ஷெரீஃப்.

"ஏழு பேர்."

"படிக்கிறவங்க?"

"நான்."

"அப்ப எட்டுப் பேருக்கு ஒரு நிகழ்ச்சி. நல்லா இருக்கும்மா."

ஆனால் கால்நடை நோய்களைப் பற்றிப் பேசிவந்த மருத்துவருக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நேரம் காலியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஷெரீஃப் அதை அவளுக்குக் கொடுத்தார்.

முதல் விருந்தாளி லக்தர் வாத்தியார். பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான்கு நாவல் எழுதியவர். பேட்டியின்போது மேஜையைப் பார்த்தே பேசினார், பதில்கள் மேஜைக்குத்தான் என்பது போல. இரண்டு நாள் முன்னதாகவே பதிவு செய்தார்கள். ஸுலீகா முன்னுரையைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். "இந்த மண்ணில் பிறந்து, நம் பிள்ளைகளுக்கு உலகத்து நதிகளையெல்லாம் சொல்லிக்கொடுத்து, நான்கு அருமையான புத்தகங்களை நமக்கு விட்டுச்சென்ற..." அந்த 'விட்டுச்சென்ற' எப்படி வந்து விழுந்ததோ, வருடக்கணக்கான பழக்கம். ஒலிப்பதிவு செய்த ஹயாத் வேறு, பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழலைச் சேர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சி ஓடியது. ஸுலீகா வீட்டில் காப்பியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் ஷெரீஃப் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லக்தர் வாத்தியார் இறந்துட்டாராமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஐயையோ! எப்ப?"

"எங்கிட்டயா கேக்குற? என் சம்சாரம் சொன்னா."

ஸுலீகா வீட்டுச் செருப்போடு ஓடினாள். வாத்தியார் வீட்டுச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஆண்கள் துக்க வீட்டு முறையாகச் சர்க்கரையும் காப்பித்தூளுமாக வந்துகொண்டிருந்தார்கள். கசாப்புக்கடை மீலூத் தோளில் ஓர் ஆட்டுத்தொடையோடு அழுதுகொண்டு நின்றார்.

"அண்ணே, யாரு சொன்னது உங்களுக்கு?"

"நீதான் சொன்னே!"

"நான் எங்கண்ணே சொன்னேன்? அவரோட பேட்டியே இப்ப ஓடிக்கிட்டிருக்கே!"

"அதத்தான் தாங்க முடியல தங்கச்சி. போறதுக்கு முந்தி எல்லாத்தையும் பேசி வச்சிட்டுப் போயிருக்காரே மனுஷன்!"

உள்ளே வாத்தியாரின் மனைவி கெய்ரா மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். "ரத்தக்கொதிப்ப வச்சுக்கிட்டு ஹம்மாமுக்கு நீராவிக் குளியலுக்குப் போகாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்! தன் குரலத் தானே ரேடியோவுல கேக்க வெக்கமா இருக்குன்னு ஓடினாரே! ஆவியிலேயே போயிட்டாரே!"

"அக்கா, அக்கா, ஹம்மாம்லருந்து யாராவது வந்து சொன்னாங்களா?"

"இவங்கதான் சொன்னாங்க." கெய்ரா பக்கத்து வீட்டுப் பெண்களைக் காட்டினாள். அவர்கள் அத்தனை பேரும் திரும்பி ஸுலீகாவைப் பார்த்தார்கள். சுவரில் கதவு இல்லாத இடத்தில் ஒரு கதவு இருக்கக்கூடாதா என்று ஸுலீகாவுக்குத் தோன்றியது.

அப்போது வாசலில் ஒரு சொற்பொழிவு தொடங்கியது. நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தவர் போஸ்ட்மாஸ்டர் பூஅலாம். ஊரின் இன்னொரு நாவலாசிரியர். அய்ன் தஹ்லாவின் முதல் நாவலை எழுதியது யார் என்ற தகராறில் அவரும் லக்தரும் பேச்சை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது.

"இன்னைக்கு மனசாட்சியோட சொல்றேன்," என்றார் பூஅலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த ஊரோட முதல் நாவலாசிரியர் லக்தர்தான். எனக்கு முந்தினவர். என்னைவிடப் பெரியவர்..."

சந்துமுனையில், தலையில் துண்டும் கையில் வாளியுமாக, பீட்ரூட் போலச் சிவந்த முகத்தோடு லக்தர் வாத்தியார் வந்து நின்றார். கூட்டத்தைக் கண்டு திகைத்து, மீலூதின் தோளைத் தட்டினார். "யாருப்பா தவறிட்டாங்க?"

"லக்தர் வாத்..." என்று திரும்பிய மீலூத், ஆட்டுத்தொடையைக் கீழே போட்டார்.

பூஅலாம் வாய் திறந்தபடி நின்றார். வாத்தியார் முதல்முறையாக மேஜை எதையும் தேடாமல் அவரை நேராகப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீங்க? 'என்னைவிடப் பெரியவர்' வரைக்கும் வந்துட்டீங்க. மேல சொல்லுங்க."

கெய்ரா வெளியே பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அடுத்த கணம், "ஈரத்தலையோட இந்தக் காத்துல நிக்கிறீங்களே, சாகணும்னு வேண்டுதலா?" என்று உள்ளே தள்ளினாள்.

ஸுலீகா அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் ஜன்னல் வழியே கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீலூத் எனக்காக அழுதான், பாத்தியா?"

"பாத்தேன் வாத்தியார்."

"என் புத்தகத்துல ஒரு வரி படிச்சிருக்க மாட்டான்."

"மாட்டார்."

"படிக்க வச்சிடுவோம்."

கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த அட்டைப்பெட்டிகள் வெளியே வந்தன. மௌத்து வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது. மௌத்து இல்லை என்று ஆன பிறகும் யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை. சர்க்கரையோடு வந்தவர்கள் ஆளுக்கொரு நாவலோடு திரும்பினார்கள்.

மறுநாள் ஷெரீஃப் நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்றார். "அடுத்த வாரம் யாரக் கொல்லப் போற?"

பதில் சொல்வதற்குள் கோட்டு, டை சகிதம் பூஅலாம் உள்ளே வந்தார். "என்னை எப்ப போடுவீங்க?"

"உங்க வீட்டுலயும் கூட்டம் கூடிடுமே சார்," என்றாள் ஸுலீகா.

"கூடட்டும். நான் குளிக்கப் போகமாட்டேன். ஜன்னல்கிட்டயே உக்காந்து யாரார் வர்றாங்கன்னு பாக்கணும்."

ஸுலீகா குரலை மாற்றப் பார்த்தாள். வேகமாக, உற்சாகமாகப் பேசிப் பழகினாள். "யாரோ கத்தியக் காட்டி உன்னப் பேச வைக்கிற மாதிரி இருக்குக்கா," என்றாள் தங்கை. அந்த முயற்சியை விட்டுவிட்டு, வேறொரு முடிவுக்கு வந்தாள். இனி நேரடி ஒலிபரப்பு. ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தாளர்கள். உயிரோடு இருப்பவர்கள் சண்டை போடுவார்கள் அல்லவா, ஊருக்குச் சந்தேகம் வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஅலாமையும் வாத்தியாரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். "வாத்தியாரோட நாவல்கள்ல உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று பூஅலாமைக் கேட்டாள். அவர் தொண்டையைக் கனைத்தார். தண்ணீர் குடித்தார். ஒன்றுகூடப் படித்ததில்லை என்று தெரிந்துபோயிற்று. வாத்தியாரும் அவருடையதைப் படித்ததில்லை. "அப்ப இப்ப படிங்க," என்று புத்தகங்களை மாற்றி நீட்டினாள் ஸுலீகா.

பூஅலாமுக்கு வந்தது, புழுதிப்புயலில் வழிதவறித் தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிடும் கல்யாண ஊர்வலத்தின் கதை. விறைப்பாகத்தான் தொடங்கினார். மணமகளின் மாமா, இருட்டில் ஓர் ஆட்டை மாப்பிள்ளையின் தந்தை என்று நினைத்து முறைப்படி நலம் விசாரிக்கும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரியை முடிக்க முடியவில்லை. புத்தகத்தை வாங்கி முடிக்கப்போன ஸுலீகா, தானும் முடிக்க முடியாமல் மைக்கின் முன்னாலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஊர் முதன்முறையாக அந்தச் சிரிப்பைக் கேட்டது. வாத்தியார் மேஜையைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

தொலைபேசி மணி அடித்தது. மீலூத்.

"வாத்தியாரே, பாதி தாண்டிட்டேன். அந்தப் பொண்ணு சரியான வீட்டுக்குப் போய்ச் சேருமா, சேராதா? அத மட்டும் சொல்லிடுங்க. கடையில கறி வெட்ட மனசு போகல."

"படிச்சுத் தெரிஞ்சுக்கப்பா."

"சேராது," என்றார் பூஅலாம், புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் புரட்டியபடி. "இப்பத்தான் கடைசிப் பக்கத்தப் பாத்தேன்."

"யோவ்!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார் வாத்தியார். ஹயாத் அவசர அவசரமாகப் பாட்டு ஒன்றைப் போட்டாள்.

அந்தச் சண்டையின் மிச்சத்தைக் கேட்க அடுத்த வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் எல்லா ரேடியோக்களும் பாடின. பூஅலாம் கதையைக் கெடுத்தது சரியா தவறா என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது. அந்த மும்முரத்தில், நிகழ்ச்சியை நிறுத்துவது பற்றிப் பேச ஷெரீஃபுக்கு இடமே கிடைக்கவில்லை.