நான் மாற்றிச் சொன்ன முடிவு

போன வருடம் சித்திரை வெயிலில், கோவில்பட்டியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு படத்தின் முடிவைப் பற்றி ஒரு பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

கணவர் தவறி நாலு வருடமாகிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் இங்கே ஒரு தீப்பெட்டி கம்பெனி ஆபீசில் இருக்கிறேன். திங்கள் முதல் சனி வரை பிரச்சினை இல்லை. ஞாயிறுதான் போகவே போகாது. துணி துவைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, ஒருத்திக்குச் சமைத்து முடித்தால் பதினோரு மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படித்தான் ஜப்பான் படங்களும் தொடர்களும் பார்க்கப் பழகினேன். முதலில் தூக்கம் வந்தது. யாரும் கத்துவதில்லை, கன்னத்தில் அறைவதில்லை. ஒருவர் நூடுல்ஸ் சாப்பிடுவதை முழுதாகக் காட்டுகிறார்கள். சண்டை போட்டவர்கள் சமாதானமாவதுகூட, ஒரு ஆரஞ்சை உரித்து எதிரில் வைப்பதோடு முடிந்துவிடுகிறது. போகப் போக அதுவே பிடித்துப்போனது. அந்தப் படங்களில் வேலை முடிந்து வருகிறவர்கள், ஆளில்லாத வீடானாலும் கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு நுழைகிறார்கள். ஒரு நாள் நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழ் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கிறவர். நான் கொடுத்த ரவிக்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தவர், டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவிய என்ன சொல்லுதாவ?"

திரைக்கு அடியில் ஓடும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்து, தமிழில் சொன்னேன். அக்கா முழுப் படமும் உட்கார்ந்து கேட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கப்புறம் மதியம் மூணு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் ரெண்டு மணிக்கே தரையைத் துடைத்து, காராச்சேவு வாங்கி வைத்துத் தயாராக இருப்பேன். ஒரு ஆள் வருவதற்காகக் காத்திருப்பது எத்தனை சுகம் என்பதை மறந்தே போயிருந்தேன்.

அக்காவின் மகன் ஒன்பது வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு போட்ட படம், கதை தெரியாமல் போட்டது. சின்ன ஊரில் சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. கோபித்துக்கொண்டு போன மகனுடைய சட்டையை வாராவாரம் துவைத்து, தேய்த்து, மாட்டி வைக்கிறாள். எனக்குப் பாதியிலேயே பகீரென்றது. நிறுத்தவும் வழியில்லை. அக்கா கையில் எடுத்த காராச்சேவை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகனிடமிருந்து போன் வருகிறது. "நான் வரமாட்டேன், எனக்காகக் காத்திருக்காதே" என்கிறான். அந்த அம்மா அழவில்லை, லேசாகச் சிரித்துக்கொண்டு "சரி" என்று மட்டும் சொல்கிறாள்.

"என்னட்டி சொல்லுதான்?" என்றார் அக்கா.

"அடுத்த மாசம் வாரானாம்" என்றேன்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்கும் நல்லது செய்த திருப்திதான். அதற்குள் படத்தில் அந்த அம்மா சட்டையைக் கீழே இறக்கினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். கடையில் வேலை பார்க்கும் குள்ளமான பெரியவருக்கு அளவாகச் சட்டையின் இரண்டு கையையும் வெட்டினாள்.

அக்கா திரையையே பார்த்தார்.

"வாரவன் சட்டைக் கையை எவளாது வெட்டுவாளா?"

"அது வேற சட்டைக்கா."

"அதே சட்டைதான். பாக்கெட்டு ஓரத்துல ரெட்டைத் தையல் கெடக்கு பாரு."

எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் டிவியைப் போடவில்லை. அக்காவின் மனசு நோகக்கூடாதே என்றுதான் மாற்றிச் சொன்னேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். அழுதுகொண்டு போனால் இவர் இனி மாடி ஏறமாட்டாரே என்ற பயம்தான் மீதி.

மூன்றாவது ஞாயிறு நானே இறங்கிப் போய், படத்தில் அந்த மகன் உண்மையில் என்ன சொன்னான் என்பதையும் என் பயத்தையும் அப்படியே சொன்னேன். அக்கா மிஷினை நிறுத்தினார்.

"ஊர்ல எல்லாரும் எங்கிட்ட, மவன் வருவான், வருவான்னுதான் சொல்லுதாவ. ஒம்பது வருசமா இதையேதான் கேக்கேன். அந்தம்மாட்டதான் ஒருத்தன் உள்ளதைச் சொல்லிருக்கான். அதையும் நீ எனக்கு ஒளிச்சிட்டியேன்னுதான் ஆத்தாமை."

அக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"வா, அந்தக் கடைசியை இன்னொருக்க போடு."

போட்டேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "காத்திருக்காதே" என்பதையும் அப்படியே சொன்னேன். அக்கா அழவில்லை. கத்தரிக்கோல் வந்ததும், "வெட்டாம உள்ள மடிச்சு அடிச்சிருக்கலாம், நல்ல துணி" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் மகனின் பெயரைச் சொன்னார். அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சண்டை வந்தது, அன்றைக்கு இவர் என்ன சொல்லித் திட்டினார் என்று பொழுது சாயும்வரை பேசினார். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

தை மாதம் அக்கா குளத்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை. கீழ் வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. என் ஞாயிறு பழையபடி ஆகிவிட்டது. படங்கள் பார்க்கிறேன். தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்.

போன வாரம் மகள் போனில், "நல்லா இருக்கியாம்மா?" என்றாள். எப்போதும் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உடம்பு நல்லாத்தான் இருக்கு. பேச ஆளில்லாம சில நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றேன். அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றாள். உள்ளதைச் சொன்னால் ஆள் எழுந்து போய்விடும் என்று பயந்து பயந்தே, இத்தனை வருடத்தில் எத்தனை பேரை நானே வாசலோடு நிறுத்தியிருக்கிறேனோ.