கமிஷன் வாங்காத கம்பெனி

ரங்கூனின் லான்மடா பகுதியில் அரக்குப் பூசிய பெட்டிகள் விற்கும் எங்கள் கடையை இணையத்தில் ஏற்றினேன். வெளிநாட்டுப் பணத்தை வாங்கித் தர ஐரோப்பியக் கம்பெனி ஒன்று வேண்டும். எதில் கமிஷன் குறைவு என்று ஒரு மாதம் அலசி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன். பதிவு செய்யப் போனால் நாடுகளின் பட்டியலில் மியான்மரே இல்லை. பர்மா என்றும் தேடினேன், அதுவும் இல்லை. ஐரோப்பாக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

முதல் ஆர்டர் தந்த ஜெர்மன் அம்மாவுக்கு விஷயத்தை எழுதினேன். அவர், ரங்கூன் வரும் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நூறு டாலர் நோட்டைக் கொடுத்தனுப்பினார். மடங்கிய டாலரை இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார். கொண்டு வந்தவர் ஒரு டீ குடித்தார், அவ்வளவுதான்.

"டீதான் கமிஷன். இந்தக் கம்பெனியே போதுங்க" என்றாள் என் மனைவி.

பூரிப்போடு அவரை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வந்தேன்.

"அட்டை மட்டும் கெடக்கு. நோட்டு எங்கங்க?"

நோட்டு என் கைலி இடுப்பில் இருந்தது. வழக்கம்போல நாலாக மடித்துச் செருகியிருந்தேன்.

இப்போதும் எந்தக் கம்பெனியையாவது குறை சொல்ல வாய் திறந்தால், என் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்க்கிறது.