இரண்டு நிமிட மேற்பார்வை

"என் முன்னால ஒருத்தர் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா போதும். வாயே திறக்க வேண்டாம். அவர் மனசுல என்ன ஓடுதுன்னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுக் கொடுத்துடுவேன்."

உளவியலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய உரையில் அவர் இப்படிச் சொன்னார். பசியில் இருந்த கூட்டம், இத்துடன் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலமாகக் கைதட்டியது. அன்றிலிருந்து அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'ரெண்டு நிமிஷம்' என்றே அழைத்தார்கள்.

சொன்னதில் பாதியை அவர் செய்து காட்டினார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். கையெழுத்துப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உளவியல் படித்து முடித்த கையோடு ஒருவர் வாசலில் பலகை மாட்டிவிட முடியாது. உரிமம் பெற்ற மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு வருடம் ஆலோசனை வழங்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் அந்த மூத்தவர் எதிரில் உட்கார்ந்து, யாரிடம் என்ன கேட்டோம், எங்கே சறுக்கினோம் என்று பேச வேண்டும். பேசிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு படிவம், அதில் மூத்தவரின் கையெழுத்து. அப்படி நூறு படிவம் சேர்ந்தால்தான் உரிம வாரியம் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கும்.

ரெண்டு நிமிஷம் இந்தச் சட்டத்தை மதித்தார். அதனால்தான் மாதத்தின் முதல் திங்கட்கிழமையே நான்கு வெற்றுப் படிவங்களிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். "தேதியை நீங்களே போட்டுக்கோங்க. வாரத்துக்கு ஒண்ணு" என்பார், கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே. அந்த அறையில் அவருக்கு உயரமான சுழல் நாற்காலி. எதிரில், உட்கார்ந்தால் முட்டி மோவாயைத் தொடும் ஒரு தாழ்ந்த சோபா. சுவரில் அவருடைய உரிமம், கண்ணாடிச் சட்டத்துக்குள். அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வார். உரிமத்தால் அவர் தினமும் அடைந்த பயன் அதுதான்.

அவரிடம் இரண்டு வருடமாகப் பயிற்சியில் இருந்தவள் ஒரு முப்பத்து நான்கு வயதுப் பெண். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருநாள் சோபாவிலிருந்து நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"சார், ஒருத்தர் மூணு வாரமா வர்றார். எது கேட்டாலும் பேசாம உட்கார்ந்திருக்கார். என்ன செய்யலாம்?"

"அப்பா மேல கோபம்" என்றார் அவர்.

"நீங்க அவரைப் பார்க்கவே இல்லையே சார்."

"உன்னைப் பார்க்கிறேன்ல. உன் முகத்துல அவர் தெரியறார்."

அந்த மனிதருக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்பதை அவளே கண்டுபிடித்து, காது மருத்துவரிடம் அனுப்பிவைத்தாள். அப்பாவின் மேல் கோபம் ஏதும் இல்லை என்று கருவி மாட்டியபின் அவர் சத்தமாகவே சொன்னார். அன்று முதல் அவள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சந்திப்பும் உண்மையில் எத்தனை நிமிடம் என்று அதில் குறித்தாள். படிவத்திலோ வாரந்தோறும் புதன்கிழமை, பத்திலிருந்து பதினொன்று என்று எழுதினாள். அவளும் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கமில்லை; கையெழுத்து வேண்டியிருந்தது.

வீட்டிலும் நம்மவரின் ஞானம் குறைவின்றிப் பாய்ந்தது. மனைவி வங்கி வேலையை ராஜினாமா செய்த செய்தி அவருக்குப் பதினோரு நாள் கழித்துத் தெரிந்தது. அதுவும் பிரிவுபசாரத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரம் கூடத்தில் மணி அடித்த பிறகு.

பயிற்சிப் பெண்ணின் தொண்ணூற்றாறாவது படிவம் வாரியத்துக்குப் போனதும் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க மூத்தவர்கள் எல்லோரும் வாரியத்தின் மூன்று நாள் வகுப்புக்குப் போக வேண்டும். ரெண்டு நிமிஷமும் போயிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து அயர்ந்து தூங்கிவிட்டு, வருகைப் பதிவேட்டில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நாட்களில் ஒன்று புதன்கிழமை. அதாவது, ஒரே நாள் பத்து மணிக்கு அவர் தன் அறையில் அவளை மேற்பார்வை செய்துகொண்டும், ஊரின் மறுகோடியில் வகுப்பில் இருந்துகொண்டும் இருந்தார். வகுப்பின் தலைப்பு: 'மேற்பார்வையாளரின் பொறுப்புகள்.'

இருவரும் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றது கடிதம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தவர் பயிற்சியில் இருப்பவர்தான் என்று முடிவானால், அவள் ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. ஒரு மருத்துவமனை அடுத்த மாதம் வேலைக்குச் சேர அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது.

"உட்காரும்மா" என்றார் அவர் கனிவாக. "இது ஒண்ணுமே இல்ல. தேதியைத் தப்பாப் போட்டது நான்தான்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடு."

"தேதி போட்டுக்கச் சொன்னது நீங்கதானே சார்."

"போடத்தான் சொன்னேன். தப்பாவா போடச் சொன்னேன்?"

"அப்ப மத்த தொண்ணூத்தஞ்சும் சரியா சார்?"

அவர் சாய்ந்துகொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் படிக்கத் தொடங்கினார். அவள் வாய் திறக்கவில்லை. சரியாக இரண்டாவது நிமிடத்தில் முகம் மலர்ந்தார்.

"தெரிஞ்சுபோச்சு. உனக்குச் சம்மதம். கொஞ்சம் பயம் இருக்கு, அவ்வளவுதான். போயிட்டு வா."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"வழிக்கு வந்துட்டா" என்றார் சாப்பிடும்போது மனைவியிடம்.

"சொன்னாளா?"

"சொல்லணுமா என்ன? எனக்குத் தெரியாதா?"

"நான் வேலையை விட்டதைக்கூடத்தான் நான் சொல்லல" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். மனைவிக்குத் தூக்கம் வருகிறது என்று அவர் கண்டறிந்தார்.

வாரிய அலுவலகத்தின் நடையில் எதிரெதிராக இரண்டு இரும்பு பெஞ்சுகள். முதலில் பயிற்சிப் பெண்ணைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே அவள் அந்தச் சின்ன நோட்டை மேசைமேல் வைத்தாள். இரண்டு வருடத்தின் மொத்த மேற்பார்வை, அவள் கூட்டி எழுதியபடி, மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்.

"இவ்வளவு நாள் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"கையெழுத்து வேண்டியிருந்துச்சுங்க. அது என் தப்புதான்."

அதிகாரி நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். ஆலோசனை வழங்கிய இரண்டு வருடம் செல்லும். மேற்பார்வை நேரம் ஒன்றுகூடச் செல்லாது. வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அவ்வளவு நாள் மருத்துவமனை காத்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து வருடத் தடை இல்லை. "எப்பத் தொடங்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து, உத்தரவில் முத்திரை விழும்வரை அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள்.

ரெண்டு நிமிஷம் முதுகை நிமிர்த்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார். முதலில் அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிந்தது. பிறகு நன்றி தெரிந்தது. பிறகு தாகமாக இருக்கலாம் என்று பட்டது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. அவள் மடியில் இருந்த நோட்டை அவர் இரண்டு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

கடைநிலை ஊழியர் கதவைப் பாதி திறந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நடையில் யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள என்னம்மா சொன்னே?"