பேத்தி நீந்திய வீடியோவும் மாரிமுத்துவின் வாய்க்காலும்

போன செவ்வாய்க்கிழமை என் கம்பியூட்டர் பெட்டியைப் பழைய பெட்ஷீற் ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு ஓட்டோவில் போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல. சந்தியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், சுகமில்லையோ?" என்று கேட்டார்கள்.

யாருக்கு? பெட்டிக்கா, எனக்கா? அன்றைக்கு எனக்கே விளங்கவில்லை.

நோய் இதுதான். வீடியோ போட்டால் திரை மினுங்கும். இரண்டு நொடி படம், அரை நொடி இருட்டு, பிறகு ஒரு துள்ளல்... மறுபடி படம். கடிதம் எழுதினால் ஒன்றும் இல்லை. கணக்குப் பாடத்துக்குக் கேள்வித்தாள் அடித்தால் ஒன்றும் இல்லை. வீடியோவுக்கு மட்டும் இந்த வலிப்பு.

ஏன்? அதற்கு முந்திய ஞாயிறு முழுக்க மண்டையைப் போட்டு உடைத்தேன். திரைக்குப் போகும் வயரை மாற்றினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன் — பக்கத்து அரிசி மில் ஓடுவதால் கரண்ட் ஏறி இறங்குகிறது, அதனால்தான் மினுங்குகிறது! மனைவியைக் கூப்பிட்டு விளக்கமும் சொன்னேன்.

அவா குசினிக்குள் இருந்தபடியே, "மில் ஞாயிற்றுக்கிழமை பூட்டெல்லோ. இண்டைக்கும் ஞாயிறுதானே. ஏனப்பா மினுங்குது?" என்றா.

முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது!

அந்த ஞாயிறு காலையில்தான் எல்லாம் குழம்பியது. வெளிநாட்டில் இருக்கும் மகள், பேத்தி நீச்சல் போட்டியில் நீந்திய வீடியோவை அனுப்பியிருந்தாள். ஆசையோடு போட்டோம். பிள்ளை பாய்கிறாள் — இருட்டு. கை தெரிகிறது — இருட்டு. அடுத்த நொடி கரையில் நிற்கிறாள்.

"சீ, இந்தக் கம்பியூட்டர் பழுதாப் போச்சு" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தா. "அப்ப இது வெட்டி ஒட்டின வீடியோ இல்லையோ?"

நான் வீடியோவை நிறுத்தினேன்.

அந்த 'வெட்டி ஒட்டின' என்ற சொல் என்னுடையது. அதை நான் எங்கே, யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பதைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நித்திரை வராது.

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு நான்தான் தலைவர். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் ஒவ்வொரு வயலுக்கும் நாள் குறித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறோம். வாய்க்காலின் கடைசி வயல் மாரிமுத்துவுடையது. அவருடைய தகப்பன் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். மாரிமுத்து பிறந்ததே வன்னியில்தான். ஆனாலும் கூட்டங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தார் பின்வரிசையில்தான் இருப்பார்கள். யாரும் அங்கே இருக்கச் சொல்வதில்லை. யாரும் முன்னுக்கு வரச் சொல்வதுமில்லை.

மூன்று கிழமைக்கு முன் நடந்த கூட்டத்தில் மாரிமுத்து எழுந்தார். தன்னுடைய முறை நாளில், மேல் வயல்காரர் வாய்க்காலில் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார் என்றார். அந்த மேல் வயல்காரர் சிவபாதம். என் மனைவியின் தம்பி.

"ஐயா, நான் வீடியோ எடுத்து வச்சிருக்கேங்க. எங்க வாய்க்கா நம்பர் எழுதின கல்லுலருந்து ஆரம்பிச்சு, நிறுத்தாம நடந்தே போயி மூட்டை வரைக்கும் எடுத்திருக்கேன். பாருங்க" என்று போனை நீட்டினார். திரை வெடித்த சின்னப் போன்.

"இந்தச் சின்னதில என்னத்தைப் பார்க்கிறது? வட்ஸ்அப்பில அனுப்பு. நான் வீட்டில பெரிசாப் போட்டுப் பார்க்கிறன்" என்றேன்.

பெரிதாகத்தான் பார்த்தேன். வாய்க்கால் நம்பர் தெரிந்தது — இருட்டு. கரை தெரிந்தது — ஒரு துள்ளல், இருட்டு. பிறகு மண்மூட்டை. அந்த வீடியோவின் உயிரே நிறுத்தாமல் நடந்து எடுத்ததில்தான் இருந்தது. இடையில் அறுந்தால் அந்த மூட்டைகள் எந்த வாய்க்காலில் கிடந்தவை என்று யார் சொல்வது?

கம்பியூட்டர் பழுதோ என்று ஒரு கணம் யோசித்தேன். கடிதம் ஒன்றைத் திறந்தேன். எழுத்து அசையவில்லை. ஆகவே கம்பியூட்டர் நல்லது. ஆகவே வீடியோ பொய். கணக்கு முடிந்தது!

இன்னொரு வீடியோவைப் போட்டுப் பார்த்தேனா? இல்லை. விடை வந்ததும் சரிபார் என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்... எனக்கு வேண்டிய விடை வந்துவிட்டது. அதனால் சரிபார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "இது வெட்டி ஒட்டின வீடியோ. இனிமேல் இப்படிக் கள்ள வேலை செய்யக் கூடாது."

மாரிமுத்து ஒன்றுதான் சொன்னார். "எனக்கு வெட்டவும் தெரியாது, ஒட்டவும் தெரியாதுங்க ஐயா." சபை சிரித்தது. நானும் சிரித்தேன். இழந்த தண்ணீர் முறை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அப்போது அவருடைய நெல்லுக்குப் பால் பிடிக்கிற பருவம்.

மாரிமுத்துவின் வீடியோ மினுங்கியபோது வீடியோ பொய் என்றேன். பேத்தியின் வீடியோ மினுங்கியபோது கம்பியூட்டர் பழுது என்றேன். பெட்டி ஒன்று. திரை ஒன்று. பார்த்த கண்ணும் ஒன்று.

இனிக் கிளிநொச்சிக்கு வருவோம். கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவர் தாட்சாயினி என்ற பெண். பெட்டியைக் கழற்றுவார் என்று பார்த்தேன். அவர் ஸ்குரூட்ரைவரைத் தொடவே இல்லை. பேத்தியின் வீடியோவை எடுத்துத் தன்னுடைய கம்பியூட்டரில் போட்டார். பிள்ளை முதல் பாய்ச்சலிலிருந்து கரை வரைக்கும் மீன்போல நீந்தினாள்.

"வீடியோவில ஒரு பிழையும் இல்லை, மாஸ்டர். உங்கட மெசினிலதான்."

"அப்ப கடிதம் மட்டும் எப்பிடி ஒழுங்காத் தெரியுது?"

"கடிதத்துக்கு என்ன வேலை? சும்மா நிக்கும். வீடியோ ஓடும்போதுதான் கிராபிக்ஸ் கார்ட் பாடுபட வேணும். அதை வேலை வாங்கிற மென்பொருள் ஒண்டு இருக்கு, டிரைவர் எண்டு சொல்லுறது. போன மாதம் தானாகவே புதிசா இறங்கியிருக்கு. உங்கட பழைய கார்ட்டுக்கு அது ஒத்துவரேல்லை."

தானாக இறங்கியதா? என் வீட்டில், என்னைக் கேளாமலா? எனக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. அவர் புதியதை நீக்கிவிட்டுப் பழைய டிரைவரைப் போட்டார். அது இனித் தானாக மாறாதபடி நிறுத்தியும் வைத்தார். உங்களில் யாருக்காவது வீடியோ மட்டும் இப்படி மினுங்கினால், வயரை மாற்றி மில்காரனைத் திட்டாமல் முதலில் இதைப் பாருங்கள்.

பேத்தி இப்போது என் பெட்டியிலும் நீந்தினாள். காசைக் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

"இருங்கோ மாஸ்டர். வேற வீடியோ ஏதும் கிடக்கோ? ஒண்டை மட்டும் பார்த்துப்போட்டுச் சரியெண்டு சொல்லக் கூடாது."

அவருக்கு மாரிமுத்துவின் விஷயம் ஒன்றும் தெரியாது. தொழில் முறையைச் சொன்னார். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

மாரிமுத்துவின் வீடியோவைக் காட்டினேன். ஓடியது. வாய்க்கால் நம்பர், கரை, நாணல், மாரிமுத்துவின் மூச்சு இரைக்கும் சத்தம், சிவபாதத்தின் வேலி, மண்மூட்டைகள். ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

"ஆரோ நல்லா எடுத்திருக்கினம். கை ஆடவே இல்லை" என்றார் தாட்சாயினி.

வெள்ளிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூட்டினேன். நான் சொன்னது பிழை, பழுது என் கம்பியூட்டரில்தான், மாரிமுத்து சொன்னது முழுக்க உண்மை என்று சொன்னேன். மில்லைப் பற்றியும் டிரைவரைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன், யாருக்கும் விளங்கவில்லை. சிவபாதத்துக்கு மட்டும் உடனே விளங்கியது.

"அப்ப அத்தான், நான் கள்ளனோ?"

"மூட்டை வச்சனியோ இல்லையோ?"

"ரெண்டு மூட்டைதான்..."

சபை மறுபடி சிரித்தது. சிவபாதத்தின் அடுத்த முறை மாரிமுத்துவுக்கு என்று தீர்மானித்தோம். தலைவர் பதவியை விடுகிறேன் என்றேன். "விட்டா ஆர் கடிதம் அடிக்கிறது?" என்று இருத்திவிட்டார்கள். தண்டனை அதுதான் போலும்.

ஆனால் தண்ணீர் பிந்திவிட்டது. மாரிமுத்துவின் வயலில் அரை ஏக்கர் அளவுக்குக் கதிர் வெளிறி, மணி இல்லாமல் நிற்கிறது. நெல்லைத் திருத்த தாட்சாயினியாலும் முடியாது.

கூட்டம் கலைந்தபோது மாரிமுத்துவுக்குப் பின்னால் போனேன். "வீட்ட வாங்கோ மாரிமுத்து. பெரிய திரையில போட்டுக் காட்டுறன். இப்ப வடிவாத் தெரியுது" என்றேன்.

அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"அன்னைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சுங்க ஐயா. நீட்டுனேன். நீங்கதான் கைல வாங்கல."

சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்த வெடித்த போனை எடுத்து மறுபடியும் நீட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன்.

சின்னத் திரைதான்... எல்லாம் தெரிந்தது.