தெற்குச் சுவர் பாயிண்ட்

எங்கள் வீட்டுக் கூடத்தில், தெற்குச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் போட்டது.

அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். பூவம் கிராமத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் வேண்டும் என்று கேட்டார். இருந்த ஒயர் நீளம் பற்றவில்லை. இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப்பைச் சுற்றி, மேலே கேசிங் பட்டையை வைத்து மூடிவிட்டேன். ஒயரைச் சேர்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இழைகளை ஒன்றோடொன்று பின்னி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதே வாரம் லேபில் அதைச் செய்துகாட்டி, ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். வீட்டில் யார் கையெழுத்துப் போடப்போகிறார்கள், போன் சார்ஜர்தானே என்று ஒரு அலட்சியம்.

அப்பா அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சுவருக்குக் கூட்டிப்போய், “சின்னவன் போட்டது” என்பார். பவர் ஹவுசையே நான் கட்டிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

நான் கடைசி வருடம் படித்தபோது, சித்திரை மாதத்தில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்று உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். மூன்று வருடமாக லீவு கிடைக்காமல் ஊருக்கு வராதவன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். மறுநாள் முற்பகலுக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். போனில் அழுகைக்கு நடுவே என்னிடம் கேட்டது ஒன்றுதான். “நான் வந்து அப்பா மூஞ்சியப் பாக்கணும்டா. அதுவரைக்கும் எப்படியாவது வச்சிரு.”

வாடகைக்கு விடும் ஐஸ் பெட்டி பத்து மணிக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அந்தப் பெட்டி வராத சாவு வீடு குறைவு. கூடத்தில் அப்பாவைக் கிடத்தி, தெற்குச் சுவர் பாயிண்டில் பிளக்கைச் செருகினார்கள். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மதியம் ஒரு மணி வரைக்கும் ஓடியது. பிறகு கம்ப்ரஸர் உறுமும், ‘டக்’கென்று நின்றுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி உறுமும், நிற்கும். கண்ணாடிக்கு உள்ளே துளித்துளியாக வேர்க்க ஆரம்பித்தது. பெட்டிக்காரருக்குப் போன் போட்டால், இன்னொரு பெட்டி வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குக் கிடைக்காது என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா அத்தனை பேரிடமும் சொல்லிவைத்திருந்தாரே.

பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பாயிண்டில் அளந்தேன். இருநூற்று முப்பது வோல்ட், குறையே இல்லை. பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, அப்பாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரிலேயைப் பார்த்தேன், ஓவர்லோடைப் பார்த்தேன், ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் எனக்கு அழுகையே வரவில்லை. கையில் வேலை இருந்தது, சுற்றி நின்றவர்கள் என் கையையே பார்த்தார்கள். அதில் ஒரு மிதப்பு.

பெரியப்பாதான் கேட்டார். “அடுப்பங்கரைலேர்ந்து ஒரு ஒயர இழுத்துப் போட்டுப் பாப்பமாடா?”

“கரண்ட்டு நல்லாத்தான் வருது பெரியப்பா. பொட்டிதான் கோளாறு. தெரியாததுல தலையிடாதீங்க.”

அவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அவரே அண்ணனுக்குப் போன் செய்தார். காலையில் வந்துவிடுவேன் என்றே திரும்பத் திரும்பச் சொன்னானாம். கடைசியில் எடுத்துவிடுங்கள் என்றானாம். பொழுது சாய்வதற்குள் எடுத்தோம். அண்ணன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பெட்டிக்காரர் பெட்டியை எடுக்க வந்தார். வண்டியில் ஏற்றுமுன், பக்கத்து வீட்டு பாயிண்டில் செருகிப் பார்த்தார். கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடியது. கால் மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் கூடத்துச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அந்தப் பாயிண்ட மாத்திடுங்க தம்பி” என்றார். குரலை உயர்த்தவில்லை. வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கேசிங்கைப் பிரித்தேன். டேப் உருகி ஒட்டியிருந்தது. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து, சூட்டில் கருகி, நாலைந்து இழைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஒயர் சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டையும் காட்டும். கம்ப்ரஸர் கரண்ட்டை இழுத்ததும் வோல்ட் படுத்துவிடும். பெட்டி ஓடும்போதுதான் அளக்க வேண்டும். முதல் வருடப் பாடம் அது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் வருவதற்குள் ஒட்டே இல்லாமல் ஒரே நீள ஒயரை இழுத்துப் புதிதாகப் போட்டேன். கருகிய துண்டைக் கொல்லையில் புதைத்தேன். அப்பா செத்த மறுநாள் அவருடைய பிள்ளை செய்த காரியம் இது.

அண்ணன் பதினோரு மணிக்கு, பால் தெளிக்க மட்டும் வந்து சேர்ந்தான். சாம்பலைத்தான் பார்த்தான். வீடு திரும்பியதும் பெட்டிக்காரரைப் போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “மன்னிச்சுக்குங்க தம்பி.” அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

கருமாதி முடிந்து அண்ணன் கிளம்பிய அன்று, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, தெற்குச் சுவர் பாயிண்டில் போனைச் சார்ஜ் போட்டிருந்தான். நான் அவனுடைய பயணப் பெட்டியைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“நீ என்னடா பண்ணுவ. உன்னால ஆனதப் பாத்த. பெரியப்பா எல்லாம் சொன்னாரு” என்றான்.

“ஆமாண்ணே” என்றேன்.