புல்லுக்கடியில் தாட்ட கம்பி

கண்டாவளைப் பக்கம் கோல்ஃப் விளையாட யார் வரப்போகிறார்கள் என்று நானும் கேட்டவன்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த முதலாளிக்கு ஆசை. ஒரு விடுதியைக் கட்டி, பக்கத்தில் ஆறு குழியோடு ஒரு சின்னத் திடலும் போட்டார். நான் மேற்பார்வையாளர். புல் வெட்ட ஒரு அக்கா.

பிறகு ரோபோ வந்து இறங்கியது. ஆமை மாதிரி ஒரு சாமான். தானே ஊர்ந்து புல்லை வெட்டும், சார்ஜ் குறைந்தால் தானே போய் ஏற்றிக்கொள்ளும். அது எல்லை தாண்டாமல் இருக்கத் திடலைச் சுற்றி மெல்லிய கம்பி ஒன்றைப் புல்லுக்கடியில் புதைத்துத் தாட்டுவிட வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை, அக்கா வராத நாள் பார்த்துத் தாட்டேன். அவர் நின்றால் இது எதற்கு என்று கேட்பார். அவரை வேலையால் நிறுத்தச் சொல்லி முதலாளி தந்த கடிதம் என்னிடம் இருந்தது. நான் கோழை, வேறென்ன.

திங்கள் காலை கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திடலுக்குள் இறங்கினேன்.

"தம்பி, அதிலயே நில்லுங்கோ! காலைத் தூக்காதேங்கோ!"

அக்கா மூன்றாம் குழியடியில் முழங்காலில் இருந்தார். குழிகளில் நட்டிருந்த சிவப்புக் கொடிகளைப் பிடுங்கி வரிசையாகக் குத்தியிருந்தார். கொடிகளுக்கு அந்தப் பக்கம் என் கம்பியின் நுனி புல்லுக்கு மேலே தெரிந்தது. அதை மிதிவெடிக் கம்பி என்று நினைத்துவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. புல் வெட்ட வருமுன் அவர், போர் முடிந்த கையோடு, ஆனையிறவுப் பக்கம் பல வருசம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். அது தெரிந்திருந்தும் நான் யோசிக்கவில்லை.

அது என் கம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்தார்.

"நான் வைச்ச இடத்திலயே கால் வைச்சு வாங்கோ."

அப்படியே போனேன். அவரை நிறுத்தும் கடிதம் என் நெஞ்சில், என்னைக் காப்பாற்றும் கை என் கையில். வெட்கத்தில் செத்துப்போனேன்.

பாதைக்கு வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவர் அப்படியே நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்.

"சொல்லிப்போட்டுத் தாட்டிருக்கலாமே, தம்பி." பிறகு, "அப்ப இனி மெசினோ புல்லு வெட்டும்?" என்றார்.

"ஓம் அக்கா."

கடிதத்தை எடுக்கப் போன கை தொலைபேசியை எடுத்தது. பன்றி கிளறினால் கம்பி அறுந்துவிடும், தினமும் நடந்து பார்க்க ஆள் வேண்டும், அது இந்த அக்காதான், இல்லையென்றால் என் வேலைக்கும் சேர்த்து ஆள் தேடுங்கள் என்று முதலாளியிடம் கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் சரி என்றார்.

இப்போது காலையில் அக்கா கம்பி வழியே ஒரு சுற்று நடந்து வந்த பிறகுதான் ரோபோவை விடுகிறோம். நானும் பின்னால் போவேன். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துத்தான் நடக்கிறேன்.