துண்டுக்கு ஓர் ஆணி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு மரப்பட்டறையில் எனக்கு வேலை. அலமாரிகளுக்கு ஓரப்பட்டை இழைக்க முதலாளி அப்போதுதான் ஓர் எந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். மேசை நடுவே ஒரு துவாரம். அதில் தலைநீட்டிக்கொண்டு கத்தி பம்பரமாகச் சுற்றும். கையால் இழைப்புளி தள்ளியே பழகிய எனக்கு அந்தச் சத்தமே புதிது.

எந்திரத்தைப் பூட்டிக் கொடுத்தவர் சொன்னபடியே செய்தேன். கத்தி சுற்றும் திசைக்கு எதிராகத்தான் பட்டையைத் தள்ளுவேன். கடைசிப் பகுதிக்குக் கை கொடுக்காமல் வேறொரு கட்டையால் தள்ளுவேன். விரல் போனால் தச்சனுக்குப் பிழைப்பு ஏது? கத்திக்கு அவ்வளவு பயந்தவன், என் தோளில் கிடந்த துண்டை நினைக்கவே இல்லை.

ஒருநாள் காலை, எந்திரம் ஓடும்போது முதலாளி உள்ளே வந்துவிட்டார். பெரியவர்கள் வந்தால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவது எங்கள் வழக்கம். யோசிக்காமலே என் கை துண்டை இழுத்தது. நுனி மேசையில் விழுந்தது. கத்தி அதைக் கவ்விச் சுருட்டியது. துண்டோடு என் கையும் போயிற்று. விட்டுவிடக்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் நின்ற கூட்டாளி முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர். கடலுக்குள் இருப்பவன் கயிற்றை அசைத்ததும் மேலே தூக்கிப் பழகிய ஆள். கம்பால் எந்திரத்தின் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தட்டிவிட்டார். கத்தி நின்றபோது, அதற்கும் என் விரல்களுக்கும் நடுவே ஒரு நெல்மணி கிடக்கும் இடம்தான்.

"என்ன வே, முதலாளி அண்ணாச்சிக்கு விரலையே காணிக்கை வைக்கப் பாத்தீரோ?" என்றார் கூட்டாளி. எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏலே, இது ஓடுதப்போ நான் வந்தா ஏறிட்டும் பாக்கப்படாது. எனக்கு ஒரு கும்பிடும் வேண்டாம்."

மறுநாள் வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்திருந்தது. எங்கள் துண்டுகளுக்கு என்று நினைத்தோம். முதலாளி வந்தார். தம்முடைய சரிகைத் துண்டை முதலில் அதில் மாட்டிவிட்டு, வெறுந்தோளோடு உள்ளே நடந்தார். நேரே என் பக்கத்தில் வந்து நின்றார். என் கழுத்து தானாகக் குனியப் பார்த்தது. அடக்கிக்கொண்டு பட்டையைக் கடைசிவரை தள்ளினேன்.

"அப்படித்தாம்லே" என்றார்.

இன்றைக்கும் பத்து விரலும் சேர்த்து யாரைக் கும்பிட்டாலும், அன்று கும்பிட வேண்டாம் என்றவர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்.